சுவருக்குள் மறைந்த பலகை: அமெரிக்க அடுக்குமாடி வீடுகளும் அணுகல் விதிகளும்

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் கட்டடங்களை அமைப்பதற்கான முதல் தேசியத் தரநிலை அமெரிக்காவில் 1961இல் வெளிவந்தது. ஏ117.1 என வழங்கும் அத்தரநிலைக்கு அடிப்படையான ஆய்வுகளை, போரில் ஊனமுற்ற வீரர்களும் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டோரும் படித்துவந்த இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிமதி நியூஜென்ட் நடத்தினார். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் சாய்தள விகிதம் சில பக்கங்களே கொண்ட அத்தரநிலையிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் அதன் கவனம் பொதுக் கட்டடங்களின் மீதே இருந்தது. சமையலறையும் குளியலறையும் உள்ளிட்ட குடியிருப்புக்கான விதிகள் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தன.

இந்தத் தாமதத்தை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிக் கட்டும் வீடுகள் மருத்துவமனை அறைபோல் தோன்றுவதால் மற்றவர்கள் குடிவரத் தயங்குகின்றனர் என்பது கட்டுமான நிறுவனங்களின் முறையீடாக இருந்தது. இதற்கு விடையாக வளர்ந்ததே 'தகவமைவு வீடு' என்ற கருத்து: கதவின் அகலத்தைப்போல் பின்னர் மாற்றக் கடினமானவற்றை முதலிலேயே சரியாக அமைத்துவிட்டு, எளிதில் சேர்க்கக்கூடியவற்றைத் தேவை எழும்போது சேர்த்துக்கொள்வது. குளியலறையில் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்தாமல், அவற்றைத் தாங்கும் பலகையை மட்டும் சுவருக்குள் வைத்து மூடிவிடுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்துக்கு ஆளாகிச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் இக்கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர்.

1968இல் இயற்றப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், மதம் முதலியவற்றின் பெயரால் வீடு மறுப்பதைத் தடுத்ததே தவிர, உடற்குறையைப் பற்றிப் பேசவில்லை. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விடுபடலைச் சரிசெய்ததோடு கட்டுமானத்துக்கும் நிபந்தனை விதித்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட, 1991 மார்ச் 13க்குப் பின் முதன்முறையாகக் குடியேறுவதற்கெனக் கட்டப்படும் கட்டடத்தில், லிஃப்ட் இருந்தால் எல்லா வீடுகளும், இல்லையெனில் தரைத்தள வீடுகள் மட்டும், விதிக்கு உட்பட்டன. படியில்லாத நுழைவாயில், சக்கர நாற்காலி நுழையும் கதவு, எட்டும் உயரத்தில் மின்விசை, முன் சொன்ன சுவர்ப் பலகை, நாற்காலியுடன் புழங்கத்தக்க சமையலறை, குளியலறை ஆகியவை கட்டாயமாயின. லிஃப்ட் இல்லாத கட்டடங்களில், உள்ளேயே மாடிப்படி கொண்ட பல தள வரிசைவீடுகள் இவ்விதிக்கு வெளியே நின்றன. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே எனலாம்.

நடைமுறையில் வேறொரு சிக்கலும் எழுந்தது. இது குடிமை உரிமைச் சட்டமேயன்றிக் கட்டட விதியன்று. வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் உள்ளூர் ஆய்வாளர் தம் ஊரின் விதியையே பார்த்தார், கூட்டாட்சிச் சட்டத்தின் மீறல் புகாராலும் வழக்காலும் மட்டுமே வெளிப்பட்டது. ஆகவே உள்ளூர் அனுமதி பெற்ற கட்டடம் குடியேற்றத்துக்குப் பின் சட்டவிரோதமாகத் தெரியவருவதும் உண்டு. ஏ117.1இன் 1998ஆம் ஆண்டுப் பதிப்பு, கூடுதல் வசதியுள்ள 'ஏ' வகை, கூட்டாட்சிச் சட்டத்தின் அளவுகளை ஒட்டிய 'பி' வகை என வீடுகளைப் பிரித்தது. 2000இல் வந்த பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு அவ்வகைகளை ஏற்றதால், அத்தொகுப்பைப் பின்பற்றிய ஊர்களில் இவ்விடைவெளி பெருமளவு குறைந்தது.

1991க்கு முந்தைய தனியார் அடுக்குமாடிகளை இவ்விதிகள் தொடவில்லை. அங்கே வாடகைக்கு இருப்பவர் தம் சொந்தச் செலவில் கதவை அகலப்படுத்தவோ கைப்பிடிக் கம்பி பொருத்தவோ முனைந்தால், நியாயமான அம்மாற்றத்தை உரிமையாளர் மறுக்கக்கூடாது என்ற அளவோடு சட்டம் நின்றுவிட்டது.