பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்

கோட்டைக்குளத்தை ஒட்டி, மலைக்கோட்டை அடிவாரத்தில் நான் காலையில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பால்காரர் ஒருவர் கேட்டார்: "என்ன சார், ஓடுறீங்களா, நடக்குறீங்களா?"

"ஓடுறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன். எனக்கு 67 வயது.

வீட்டில் வேறு விதமான கேள்வி. "மாமாவுக்கு என்ன வந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? இந்த வயசுல ஓட்டம் கேக்குதா?" என்றாள் மனைவி. மறக்கவில்லை. அதனால்தான் ஓடுகிறேன்.

அப்பா திண்டுக்கல்–பழனி தடத்தில் பஸ் டிரைவர். 1971-இல், 46 வயதில், மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். "அசையக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அதன்பிறகு அவர் கடைத்தெரு வரைகூட நடக்கவில்லை, நாங்கள் விடவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கால்கள் சூம்பின. இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்றைய வைத்தியமே அதுதான். அடைபட்ட இதயத் தசை ஆறித் தழும்பாக ஆறு வாரமாகும், அதுவரை படுத்தே கிடக்க வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகமெங்கும் இருந்த விதி. 1952-இல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெறும் உட்காருதல்தான்; அதற்கே எதிர்ப்பு இருந்தது. அந்த மாற்றம் எங்கள் வீட்டுக் கட்டில்வரை வந்துசேர நேரமில்லை.

அடுத்த ஆண்டே, 1953-இல், லண்டனில் ஜெர்ரி மாரிஸ் தன் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார். மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம். படியேறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்குக் குறைவு. இதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். அப்பாவோடு ஒரே வண்டியில் போன கண்டக்டர் மாமா எண்பது தாண்டியும் சைக்கிள் மிதித்தது ஞாபகம் வந்தது. ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதுவரை ஓட்டம் என்றால் ஒன்று போட்டி, இல்லையென்றால் பிழைப்பு. ஈட்டியும் சலங்கையுமாகத் தபால் சுமந்து ஓடியவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். சுகத்துக்காக ஓடிய கிழவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. அதைத் தொடங்கிவைத்ததில் நியூசிலாந்துக்குப் பெரிய பங்குண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல், முர்ரே ஹால்பெர்க் இருவரையும் தங்கம் வாங்கவைத்த பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 1962-இல் ஆக்லாந்தில் நடுவயது கடந்தவர்களைச் சேர்த்து மெதுவோட்டக் குழு ஒன்று தொடங்க வழிசெய்தார். மாரடைப்பு கண்டவர்களும் அதில் ஓடினார்கள். அவர் வைத்த அளவுகோல் எளிது: பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம்.

அந்த ஆண்டுக் கடைசியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் ஐம்பது தாண்டியவர். அந்தக் குழுவோடு ஓடிப்பார்த்துப் பின்தங்கிப்போனார். அவர்மேல் இரக்கப்பட்டுக் கூடவே மெல்ல வந்தவர், இதய நோய் கண்ட ஒரு முதியவர். ஊர் திரும்பிய பவர்மேன் இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய சிறு நூல்தான் 'ஜாகிங்' என்ற சொல்லை அமெரிக்காவில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தின் ஹிரோஆகி தனாகா இதையே 'நிக்கோ நிக்கோ' வேகம் என்றார். அதாவது, முகத்தில் சிரிப்பு மாறாமல் ஓடுகிற வேகம்.

பவர்மேன் பிறந்தது 1911. பாஸ்போர்ட் கணக்கில் அதே ஆண்டு ஜலந்தர் பக்கம் பிறந்தவர் பௌஜா சிங். கண்ணெதிரே மகனை விபத்தில் பறிகொடுத்த துக்கத்தோடு லண்டனுக்குக் குடிபோனவர், அங்கே ஓட ஆரம்பித்தார். 2000-இல், 89 வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2011-இல் டொராண்டோவில் 100 வயதில் 8 மணி 11 நிமிடம். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி இறந்தார்.

இத்தனையும் படித்த நான் முதல் நாளே பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஓடினேன். முழங்கால் வீங்கி மூன்று வாரம் கட்டிலில். அப்பா கிடந்த அதே கட்டில். பிறகுதான் புத்தி வந்து, டாக்டரிடம் போய் ஈசிஜி, டிரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மறுபடி ஆரம்பித்தேன். குட்டி எட்டு, பேசுகிற மூச்சு. இப்போது அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிகிறது. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கிறேன். நெஞ்சில் எதுவும் பிடித்தால் நின்றுவிடுவேன் என்று வீட்டில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

போன தை மாதம் பழனி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். செட்டிநாட்டுப் பக்கமிருந்து நத்தம் வழியாக வந்த பாதயாத்திரைக் கூட்டம். தலையில் பையோடு வெறுங்காலில் நடந்துவந்த ஆத்தா ஒருவர், என் வயதுக்குமேல் இருக்கும், ஓடுகிற என்னை நடந்தே முந்தினார். திரும்பிப் பார்த்து, "மெல்ல வாங்கய்யா, மலை எங்கயும் போயிறாது" என்றார்.

அப்பா ஓட்டிய தடம் அது. கொஞ்ச தூரம் அந்தக் கூட்டத்தோடே போனேன்.