புனங்காவலும் உயிர்வேலியும்

போளூர், செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்கு நடுவே ஓங்கிக் கிடக்கும் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் ஏர் பிடித்தவர்கள், மழை பொய்க்குமோ என்று அஞ்சியதைப் போலவே, முற்றிய கதிரை இரவில் மானும் பன்றியும் புகுந்து அழித்துவிடுமோ என்றும் அஞ்சியே காலங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இம்மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையில், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், 583 அடிகளில் அந்நாட்டு வழிகளை விவரித்துச் செல்லுகையில், பன்றிக்கு அஞ்சிப் புனத்தின் புழைதோறும் கற்பொறி மாட்டியிருப்பதையும், காவலர் வீசும் கவண்கற்களுக்கு வழிப்போக்கர் ஒதுங்கிச் செல்ல வேண்டியதையும் எச்சரிக்கையாகவே சொல்கிறது.

ஆயினும் கவணும் பரணும் ஓயாத கண்விழிப்பைக் கேட்பவை. சாமை விதைத்த குடும்பம் அறுவடை வரையில் உறங்காதிருத்தல் இயலுமா? விலங்கு வாய்வைக்க மறுக்கும் செடியையே காவலுக்கு நிறுத்தும் உபாயம், உயிர்வேலி என்ற பெயரால், தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேரூன்றியது இந்தச் சங்கடத்தினால்தான் என்று நான் கருதுகிறேன். மான் முகர்ந்து பார்த்தே கடிக்கும் ஸ்வபாவம் உடையது. எனவே கண்ணில் பட்டால் எரிக்கும் பாலைச் சுரக்கும் சதுரக்கள்ளியும், அவ்வாறே பால் வடியும் எருக்கும், கசப்பு மிகுந்த ஆடாதொடையும், நெடி வீசும் நொச்சியும் அதற்கு ஆகாதவை ஆயின. இவற்றுள் கள்ளியும் ஆடாதொடையும் நொச்சியும் மழைக்காலத்தில் ஒருமுறை போத்து நட்டால் போதும், பல்லாண்டு நின்று காக்கும்.

நொச்சியின் பெருமை தனியானது. பகைவர் முற்றுகையில் மதில் காத்த வீரர்கள் சூடியது இதன் பூவையே. அவர்களது போர்த்தொழிலுக்கே நொச்சித்திணை என்று பெயர். தானியக் குதிரில் பூச்சி அண்டாதிருக்க இதன் தழையை இட்டதும் நம் தாய்மார்களின் வழக்கம். வயலிலே நின்று பயிரைக் காத்த செடி, வீட்டுக்குள் வந்து விளைச்சலையும் காத்தது என்பதை நினைக்க உள்ளம் உவகை கொள்கிறது.

இத்தகைய செல்வம் கையிலிருக்க, கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிகளையும் நாம் வேலிக்கு ஏற்றோம். அவற்றுள் ஆனைக்கற்றாழையும் காட்டாமணக்கும் பெரும்பாலும் வேலியாகவே நின்றன. சப்பாத்திக்கள்ளியோ மேய்ச்சல் நிலங்களையெல்லாம் விழுங்கியது. 1926-ஆம் ஆண்டில் அதைத் தின்னும் செதிற்பூச்சியைத் தென்னிந்தியாவில் கொண்டுவந்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி இன்றும் அடங்கவில்லை; மான் மேயும் புல்லை நிழலால் அழித்து, பசித்த மானைப் பயிரின் பக்கமே துரத்துகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதனினும் துல்லியமான உதாரணம் எங்கே கிடைக்கும்?

ஆகையால் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் இன்று தோட்டம் போடுகிறவர்கள், வெளி வரிசையில் சதுரக்கள்ளியையும் அதன் உட்புறம் ஆடாதொடையையும் நொச்சியையும் நெருக்கி நட்டு, உள்ளே கற்பூரவல்லி, துளசி முதலிய மணச்செடிகளை வளர்ப்பதே உத்தமம். கோடையில் காட்டுப்புல் கருகிவிட்டால் மான் கசந்த இலையையும் கடிக்கும். வேலி நட்ட பிறகும் முன்னோர்கள் பரணைப் பிரிக்காமல் வைத்திருந்தது அந்தக் கோடை மாதங்களுக்காகத்தான்.