நூற்பட்டியலுக்கு ஒரு பொதுமொழி

ஒரு நூலகம் எழுதிய நூற்குறிப்பை மற்றொரு நூலகம் பயன்படுத்திக்கொள்ளுமாயின், ஒரே நூலுக்கு ஊர்தோறும் குறிப்பெழுதும் வீண்வேலை ஒழியும். இக்கருத்தை ஒட்டியே வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901ஆம் ஆண்டு முதல் அச்சிட்ட நூலட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்று வந்தது. அட்டையைக் காண்போர் ஆசிரியர் பெயர் எது, நூற்பெயர் எது என்று எளிதில் அறிவர். கணிப்பொறிக்கு அவ்வறிவு இல்லை. மேலும், 1960களில் நூலகங்களுக்குள் நுழையத் தொடங்கிய பொறிகள் ஒன்றற்கொன்று வேறானவை. ஒன்று நாடாவில் பதித்ததை மற்றொன்று அப்படியே படித்தறிய இயலாது.

இச்சிக்கலைத் தீர்க்கும் பணியை, 1965இல் அந்நூலகத்திற் சேர்ந்த ஹென்ரியட் ஆவ்ரம் அம்மையார் ஏற்றார். அவர் நூலகக் கலை பயின்று வந்தவர் அல்லர், கணிப்பொறித் துறையினர். எல்லா நூலகங்களும் ஒரே பொறியை வாங்கவேண்டும் என்பது அவருடைய திட்டமன்று. ஒவ்வொரு நூலகமும் தன்னகத்தே எம்முறையிலும் தகவலை அடுக்கிவைக்கலாம். பிறருக்கு அனுப்பும்போது மட்டும் யாவரும் அறிந்த ஓர் உருவில் அனுப்பவேண்டும். இவ்வுருவே 'மார்க்' எனப்பட்டது. பொறி படிக்கத்தக்க பட்டியல் என்பது அதன் பொருள்.

அதன் அமைப்பு எளியது. முதலில் 24 எழுத்திடங்கள் கொண்ட முகப்பு. அடுத்து ஓர் அட்டவணை. எச்செய்தி எவ்விடத்தில் தொடங்குகிறது, அதன் நீளம் எவ்வளவு என்பதை அது காட்டும். அதன்பின் செய்திகள் வரும். 100 என்ற எண் ஆசிரியரையும், 245 நூற்பெயரையும் குறிக்கும்.

1966 நவம்பரில் 16 நூலகங்களுடன் சோதனை தொடங்கிற்று. அதில் கண்ட குறைகளைக் களைந்து 1968இல் திருத்திய அமைப்பு வெளியாயிற்று. 1973இல் அதன் கட்டமைப்பு அனைத்துலகத் தரமாயிற்று. எனினும், நாடுகள் தத்தம் தேவைக்கேற்ப அதனை மாற்றிக்கொண்டமையால் பல கிளைகள் தோன்றின. அவற்றிடையே பாலமாக 1977இல் 'யூனிமார்க்' வந்தது. 1999இல் அமெரிக்காவும் கனடாவும் தத்தம் கிளைகளை ஒன்றாக்கி 'மார்க் 21' என வழங்கின.

தமிழ் நூல்களின் நிலை யாது? மார்க்கின் பழைய எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே, தமிழ் நூற்பெயர்கள் ரோமன் எழுத்தில், நெடிலுக்கு மேற்கோடும், ழகர ளகரங்களுக்குக் கீழ்க்குறியும் இட்டு எழுதப்பட்டன. ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு மாறும்போது அக்குறிகள் உதிர்ந்தால், வாழை, வாளை, வலை, வளை ஆகிய நான்கும் ஒரே சொல்லாகிவிடும். நூல் அலமாரியில் இருக்கும்; தேடுவோர் கைக்கு எட்டாது.

யூனிகோடு முறையை ஏற்றபின், 880 என்ற எண்ணின் கீழ்த் தமிழெழுத்தையே சேர்த்து அனுப்ப வழி பிறந்தது. ஆயினும், முன்னர் உதிர்ந்துபோன குறி எது என்பதைப் பட்டியலை மட்டும் பார்த்துத் துணிய இயலாது. நூலைக் கையிலெடுத்து முகப்பேட்டைப் பார்த்தே அதனை மீட்கவேண்டும். ஆதலின், தகவலை மாற்றுவோர் எத்தனை குறிப்புகள் சென்று சேர்ந்தன என்று எண்ணுவதோடு நில்லாது, ஒவ்வோர் எழுத்தும் சென்று சேர்ந்ததா என்றும், மூலத்தை அழிக்குமுன்னரே, ஒப்பிட்டுப் பார்த்தல் கடமையாகும்.