கதைக்கு இட்ட தலைவாயில்

பங்சார் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இன்றைய தலைமுறையினரின் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மாடிக் குடியிருப்புகளும் ஒளிமிக்க அங்காடிகளுமே. ஆயினும் அவ்வூரின் பெயர் அங்காடியில் பிறந்ததன்று. பால்மரத் தோட்டத்தில் பிறந்தது. புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் இணைந்து, காலப்போக்கில் பங்சார் எனத் திரிந்தன என்பது பரவலாக வழங்கும் விளக்கம். அத்தோட்டத்தில் விடியற்காலை இருளில் பால்வெட்டுக் கத்தியுடன் நிரையில் இறங்கியவர்களுள் தமிழர் பலர். ஊரின் கதையை வீடமைப்புத் திட்டத்திலிருந்து தொடங்குவோர்க்கு அத்தமிழர் கண்ணில் படமாட்டார்கள். தோட்டத்திலிருந்து தொடங்குவோர்க்கோ முதற் பக்கத்திலேயே அவர்கள் நிற்பார்கள். தோட்டத்துக்கும் முற்பட்ட காலத்திலிருந்து தொடங்கினால், தமிழரும் முதலாளியும் ஒருங்கே பின்வந்தவராவர். கதை எங்கே தொடங்குகிறது என்பதே, அக்கதையில் உரியவர் யார், வந்தவர் யார் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

பழங்கதையை மீண்டும் சொல்பவன் அதன் நடுவையும் முடிவையும் பெரும்பாலும் தொடுவதில்லை. தலைவாயிலைத்தான் மாற்றி அமைக்கிறான். மாணவர் விரும்பி ஆடும் கணினி விளையாட்டுகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த 'டூம் ரைடர்' என்னும் வீரசாகச விளையாட்டில், தேர்ந்த புதையல் வேட்டைக்காரியான லாரா குரோப்ட் கல்கத்தா நகரின் விடுதி ஒன்றில் புதிய பணியை ஏற்பதாகக் கதை எழுகிறது. 2013ஆம் ஆண்டில் அதே நாயகியின் கதை புதிதாகப் படைக்கப்பட்டபோது, கப்பல் உடைந்து தீவொன்றில் ஒதுங்கிய அனுபவமற்ற இளம்பெண்ணாக அவள் தோன்றுகிறாள். பெயர் மாறவில்லை, ஆனால் தலைவாயில் மாறியதால் ஆளே மாறிவிட்டாள்.

விளையாட்டில் இம்மாற்றம் சுவைக்காகச் செய்யப்படுவது. ஒரு நாட்டின் வரலாற்று நூலில் செய்யப்படும்போது அதன் விளைவு ஆழமானது. இந்நாட்டின் தலைசிறந்த செவ்விலக்கியமாகிய 'செஜாரா மெலாயு' இதற்குத் தக்க சான்றாகும்.

நூல் எழுந்த சூழல்

'சுலாலத்துஸ் சலாத்தின்', அதாவது 'அரசர்களின் வழித்தோன்றல்' என்பதே அந்நூலின் இயற்பெயர். 1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. அரச குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, இறுதியில் ஜொகூர் ஆற்றங்கரையில் தலைநகர் அமைத்தது. ஒருபுறம் போர்த்துக்கீசியர், மறுபுறம் ஆச்சே அரசு என இருபுறமும் பகை சூழ்ந்திருந்த 1612ஆம் ஆண்டில், மலாய் அரசர்களின் வரலாற்றைப் பின்வருவோர் அறியும்படி ஒழுங்குபடுத்தி எழுதுமாறு அரச ஆணை பிறந்தது. கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய ஏடு ஒன்றைப் பற்றிய பேச்சே அவ்வாணைக்குத் தூண்டுகோலாயிற்று என்று நூலின் முகவுரை கூறுகிறது. பெண்டஹாரா பதவியிலிருந்த துன் ஸ்ரீ லானாங் அப்பணியை மேற்கொண்டார் என்பது மரபு. மறு ஆண்டே ஆச்சேப் படையால் ஜொகூர்த் தலைநகர் அழிவுற்றது. நாடிழந்தோர் தம் பெருமையை ஏட்டிலாவது காக்க முனைந்த காலம் அது.

போர்த்துக்கீசியர் கேட்ட தொடக்கம்

மலாக்கா வீழ்ந்தபின் அங்கு வந்து தங்கிய தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசியர், 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய தம் நூலில், மலாக்கா அரசின் தோற்றத்தைத் தாம் கேட்டவாறு குறித்துள்ளார். அவர் கூற்றுப்படி, பாலெம்பாங் இளவரசனாகிய பரமேஸ்வரன் ஜாவா அரசை எதிர்த்து, தோற்று ஓடி, சிங்கப்பூரில் அடைக்கலம் புகுகிறான். சில நாள்களிலேயே தன்னை ஏற்ற தலைவனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகிறான்; பின்பு சயாமியர் தரப்பால் விரட்டப்பட்டு, மூவார் வழியாக மலாக்காவை அடைகிறான். அடைக்கலம் கொடுத்தவனைக் கொன்ற ஓர் அகதியுடன் தொடங்கும் கதை இது.

ஜொகூர் அரண்மனை ஏட்டில் இத்தொடக்கம் இல்லை. அங்கே முதலில் வருபவர் மாசிடோனியப் பேரரசர் இஸ்கந்தர், அதாவது அலெக்சாந்தர். அவர் இந்திய மன்னன் ஒருவனை வென்று அவன் மகளை மணக்கிறார். அவர்தம் வழியில் கலிங்க நாட்டுப் பேரரசர் தோன்றுகின்றனர். சூலான், சூரான் எனப் பிரதிக்குப் பிரதி பெயர் வேறுபடும் அம்மன்னர் கடல் சூழ்ந்த நாடுகளின்மீது படையெடுத்து, டிண்டிங் ஆற்றங்கரைக் கங்கா நகரத்தையும், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கருங்கற் கோட்டையையும் வெல்கின்றனர்.

அடுத்துச் சீனத்தின்மீது படை புறப்படுகிறது. தெமாசிக் வரை படை வந்ததை அறிந்த சீனப் பேரரசன், துருப்பிடித்த ஊசிகளும் காய்த்த மரங்களும் பல்லுதிர்ந்த முதியோரும் நிறைந்த மரக்கலம் ஒன்றை அனுப்புகிறான். தாங்கள் புறப்பட்டபோது சிறுவர்களாக இருந்ததாகவும், ஊசிகள் பருத்த இரும்புக் கம்பிகளாக இருந்ததாகவும், மரங்கள் வழியில் விதைத்து வளர்ந்தவை என்றும் முதியோர் கூற, சீனம் எட்டமுடியாத தொலைவு என்றெண்ணி மன்னன் திரும்பிவிடுகிறான். பின்னர்க் கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி, அங்குள்ள அரசன் மகளை மணந்து, மூன்று புதல்வரைப் பெற்று, கடற்குதிரை மீதேறிக் கரை சேர்கிறான். அவ்வழி வந்த இளவரசரே பாலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் குன்றில் தோன்ற, வான் எம்போக், வான் மாலினி என்னும் இரு பெண்டிரின் நெற்கதிர்கள் பொன்னாகின்றன. சிங்கப்பூரும் மலாக்காவும் அதன் பின்னரே கதையில் இடம்பெறுகின்றன.

கதையும் வரலாறும்

இக்கதையைப் படிக்கும் தமிழர் பலர் முதலாம் இராசேந்திரனை நினைவுகூர்வது இயல்பு. 1025ஆம் ஆண்டளவில் சோழர் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் பிறவற்றையும் தாக்கி, சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்த செய்தியை அம்மன்னனின் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்திக் கூறுகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் காட்டுகின்றன. நட்பாகத் தொடங்கிப் போராக மாறிய இவ்வுறவின் எதிரொலி, அறுநூறு ஆண்டுகள் கடந்தும் மலாய் ஏட்டில் கேட்கிறது என்று கருத இடமுண்டு.

ஆனால் எதிரொலி வேறு, சான்று வேறு. இவ்விடத்தில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. கண்ணாடிப் பேழையையும் கடற்குதிரையையும் கண்டு, முழுவதும் கட்டுக்கதை எனத் தள்ளிவிடுவது ஒன்று. சூலான் என்னும் ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு, இந்நாட்டு அரசமரபு முழுவதும் சோழன் வழிவந்ததே என்று மேடையில் முழங்குவது மற்றொன்று. பின்னதைச் செய்வோர், அதே கதையில் அம்மன்னன் கங்கா நகரத்து அரசனைக் கொன்று அவன் குடும்பத்துப் பெண்ணை மணப்பதை மறந்துவிடுகின்றனர். படையெடுத்து வந்தவனின் வெற்றியைத் தம் பெருமையாகப் பேசுவோர், தோற்ற மண்ணின் மக்களோடு தாம் இன்று ஒன்றாக வாழ்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நூலாசிரியரின் நோக்கம் சோழனைப் பாடுவதன்று. நாடிழந்த அரசமரபுக்கு இழக்கமுடியாத பிறப்புரிமையை நிறுவுவதே அவர் நோக்கம். மேற்கிலிருந்து இஸ்கந்தரின் வீரமும், கலிங்கத்தின் பேரரசும், கடலடி உலகின் வியப்பும், பாலெம்பாங்கின் புனிதக் குன்றும் ஒரே குருதியில் கலப்பதாகக் காட்டி, ஓடிவந்த இளவரசனின் இடத்தில் உலகாண்டோரின் வாரிசை அவர் நிறுத்தினார். அம்மரபை எழுப்புகையில் கலிங்கத்தை அயலாகக் கருதி அவர் விலக்கவில்லை. அடித்தளக் கற்களுள் ஒன்றாகவே வைத்தார். தமிழர் கவனிக்கவேண்டிய செய்தி இதுவே.

எழுதியவரின் வழிமரபு

இதனினும் சிறந்த சான்று அந்நூலின் முகவுரையிலேயே உள்ளது. துன் ஸ்ரீ லானாங்கின் முன்னோர் அங்கு வரிசையாகக் கூறப்பட்டு, இறுதியில் மணி புரிந்தான் என்னும் பெயரில் சென்று நிற்கின்றனர். அவர் கலிங்க நாடு என மலாய் ஏடுகள் வழங்கும் தென்னிந்தியப் பகுதியிலிருந்து மலாக்காவை நோக்கிப் புறப்பட்டவர். வழியில் கப்பல் உடைய, ஆலு-ஆலு மீன் ஒன்றின் முதுகில் கரை சேர்ந்ததாகவும், அதனால் அவர் வழித்தோன்றல்கள் அம்மீனை உண்ணலாகாது என விலக்கியதாகவும் நூல் கூறுகிறது. பின்பு மலாக்காவின் உயர்குடியில் மணந்தார். அவர் மகன் துன் அலி. அவ்வழியில் வந்தவரே பெண்டஹாரா துன் முத்தாஹிர். இத்தனையும் கூறிய அதே முகவுரை, ஆசிரியரை புக்கிட் சிகுந்தாங்கிலிருந்து வந்த மலாய் இனத்தவர் என்றே அறிமுகம் செய்கிறது. கடல் கடந்து வந்த முன்னோனை அவர் மறைக்கவுமில்லை. தாம் பிறந்த மண்ணின் இனத்தவராகத் தம்மைக் கூறத் தயங்கவுமில்லை.

கோலாலம்பூரின் நடுவில் ராஜா சூலான் பெயரில் ஒரு சாலை உள்ளது. சோழ மன்னனின் நினைவாக இட்ட பெயர் அது எனச் சிலர் கருதுவதுண்டு. உண்மையில் அது பேரா அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சர் சூலானின் பெயர். மலாக்காவின் இறுதி மன்னர் மகமூது ஷாவின் மகனால் 1528இல் நிறுவப்பட்டது அவ்வரசு. பழைய ஏட்டின் தலைவாயிலில் நின்ற பெயரை மலாய் அரச குடும்பமே பிள்ளைக்குச் சூட்டி மகிழ்ந்தது. அப்பெயர் அவர்களுடையதாகவே ஆகிவிட்டது.

பங்சாரை அடுத்த பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில், 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. தனிநாயக அடிகளார் முன்னின்று நடத்திய அம்மாநாடு, தமிழைப் பற்றிப் பேசக் கோலாலம்பூரும் உரிய இடமே என்று உலகுக்கு உணர்த்தியது. பிறர் நூலை மதித்துக் கற்பதும் அவ்வுணர்வின் பகுதியே. தமிழ்ப்பள்ளி மாணவன் செஜாரா மெலாயுவைத் தேர்வுக்குரிய பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அதன் தலைவாயிலை நின்று நோக்கக் கற்பிக்கப்படல் வேண்டும். எது நிகழ்ந்தது, எது சொல்லப்பட்டது, ஏன் அவ்வாறு சொல்லப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவன் வீண்பெருமையாலும் மயங்கான்; தாழ்வுணர்ச்சியாலும் குன்றான்.

பங்சாரில் பால்வெட்டியவர்களுக்கு ஏடெழுதித் தர அரண்மனைப் புலவர் எவரும் இருந்ததில்லை. கண்ணாடிப் பேழையும் கடற்குதிரையும் அவர்கள் கதைக்குத் தேவையுமில்லை. மணி புரிந்தானைப் போல் அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள். அவர் வழிவந்தோரைப் போல் இம்மண்ணுக்கே உரியவரானவர்கள். அக்கதையை உள்ளவாறு தொடங்கி எழுதிவைப்பது அவர்தம் பேரப்பிள்ளைகளின் கடமையாகும்.