கைவினை வாழ்த்து அட்டை

கைவினை வாழ்த்து அட்டை என்பது அச்சகத்தில் மொத்தமாக அச்சிடப்படாமல், ஒருவர் தம் கையால் தாளை வெட்டி, மடித்து, முத்திரை பதித்து, ஒட்டி உருவாக்கும் வாழ்த்து மடல் ஆகும். பிறந்தநாள், திருமணம், பண்டிகை, நன்றி, இரங்கல் முதலியவற்றுக்காக இவை செய்யப்படுகின்றன. ரப்பர் முத்திரையும் அலங்காரத் தாளும் இக்கலையின் முதன்மைப் பொருட்களாகும். இங்கு முத்திரை என்பது மை தொட்டுப் பதிக்கும் அச்சைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் முத்திரை என வழங்கும் அஞ்சல்தலையைக் குறிக்காது.

முத்திரையின் உருவமும் தாளின் கோலமும் பெரும்பாலும் பிறர் வரைந்தவையே. அவற்றைத் தெரிவு செய்தல், இடம் அமைத்தல், வண்ணம் தீட்டுதல் ஆகியவை செய்பவரின் பங்காகும். எனவே ஓவியம் வரையத் தெரியாதவரும் இக்கலையில் ஈடுபட இயலும். ஒரே முத்திரையைக் கொண்டு இருவர் செய்யும் அட்டைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வரலாறு

இங்கிலாந்தில் 1840 ஆம் ஆண்டு ஒரு பென்னி அஞ்சல் கட்டணம் நடைமுறைக்கு வந்தபின் வாழ்த்து அனுப்புதல் எளிய மக்களுக்கும் கைகூடியது. 1843 இல் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்த அட்டையே முதல் வணிக கிறித்துமசு அட்டையாகக் கருதப்படுகிறது. அதன் கோடுகள் கல்லச்சில் அச்சிடப்பட்டன. வண்ணங்கள் கையால் தீட்டப்பட்டன.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட் (1828–1904) கைவினை அட்டையைத் தொழிலாக வளர்த்தவர். 1847 இல் கல்விப் படிப்பை முடித்த இவர், இங்கிலாந்திலிருந்து வந்த வேலண்டைன் அட்டை ஒன்றைக் கண்டு, சரிகைபோல் துளையிட்ட தாள், வண்ணத் தாள், சிறு படங்கள் ஆகியவற்றை ஒட்டித் தாமே அட்டைகளைச் செய்தார். ஆணைகள் குவியவே, பெண்களைப் பணிக்கு அமர்த்தி, ஒருவர் வெட்டவும் மற்றொருவர் ஒட்டவுமாக வேலையைப் பகிர்ந்தளித்தார். பிற்காலத்தில் தொழிற்சாலைகளில் பரவிய தொடர் உற்பத்தி முறையை இது ஒத்திருந்தது குறிப்பிடத்தக்கது. 1870களில் பாஸ்டனைச் சேர்ந்த லூயி பிராங் பல வண்ணக் கல்லச்சில் அட்டைகளை வெளியிடத் தொடங்கிய பின்னர் அச்சு அட்டைகள் சந்தையில் மேலோங்கின.

1839 இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டறிந்தார். இதுவே ரப்பர் முத்திரைக்கு வழிவகுத்தது. நெடுங்காலம் அலுவலகப் பொருளாக இருந்த ரப்பர் முத்திரை, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஞ்சல்வழிக் கலைஞர்களின் கைக்கு வந்து, பின்னர் அமெரிக்காவில் பொழுதுபோக்குக் கலையாகப் பரவியது.

மை வகைகள்

முத்திரைக்கு மை ஏற்ற, ஸ்டாம்ப் பேட் எனப்படும் மைத்திண்டு பயன்படுகிறது. மையைத் தவறாகத் தெரிவு செய்வதே அட்டை கெடுவதற்கு அடிக்கடி காரணமாகிறது.

• சாய மை: தாளுக்குள் ஊறி விரைவில் உலரும். ஒளியில் நாளடைவில் மங்கக்கூடும். நீரில் கரையும் வகையைப் பயன்படுத்தி மேலே நீர்வண்ணம் தீட்டினால் கோடுகள் கலைந்துவிடும்.
• நிறமி மை: தாளின் மேற்பரப்பில் தங்கும். மெதுவாக உலரும், எளிதில் மங்காது. வழவழப்பான தாளில் உலராமல் ஈசிக்கொள்ளும்.
• கரைப்பான் மை: கண்ணாடி, பிளாஸ்டிக், வழவழப்பான தாள் ஆகியவற்றிலும் பதியும்.

நிறமி மை ஈரமாக இருக்கும்போது அதன்மேல் ஒருவகைப் பிசின் தூளைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டுச் சூடேற்றினால், தூள் உருகி எழுத்தும் உருவமும் புடைத்து நிற்கும். இதற்கெனத் தனி வெப்பக் கருவி உண்டு. தலைமுடி உலர்த்தி இதற்குப் பொருந்தாது. அதன் காற்று தூளைப் பறக்கடிக்கும், வெப்பமும் போதாது.

அளவும் மடிப்பும்

210 × 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் ஏறத்தாழ 105 × 148 மி.மீ. அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். இவை 114 × 162 மி.மீ. அளவுள்ள சி6 உறைக்குள் பொருந்தும்.

தாள் செய்யப்படும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. நார் ஓடும் திசையிலேயே மடித்தால் மடிப்பு நேராக அமையும். குறுக்கே மடித்தால் தாளின் மேற்பரப்பு வெடிக்கும். தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் பக்கத்து மடிப்பே நாரின் திசையில் அமைவதாகும். நீளவாக்கில் நார் ஓடும் ஏ4 தாளை மேற்கூறியவாறு வெட்டினால் மடிப்பு இயல்பாகவே நாரின் திசையில் அமைகிறது. அதே தாளை நெடுக்காக வெட்டி மடித்தால் அவ்வாறு அமைவதில்லை.

செய்முறை

1. மடிப்பு வரும் இடத்தில் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் கோடு அழுத்தி, பின்னர் மடிக்கவும்.
2. அட்டையைவிட நீள அகலங்களில் 6 மி.மீ. குறைவாக, அதாவது 99 × 142 மி.மீ. அளவில் அலங்காரத் தாளை வெட்டவும். நான்கு புறமும் 3 மி.மீ. விளிம்பு தெரியும்.
3. முத்திரையைத் தனியான வெள்ளைத் தாள்துண்டில் பதிக்கவும். அசைக்காமல் நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். பதிப்பு கெட்டால் அத்துண்டு மட்டுமே வீணாகும், அட்டை தப்பும்.
4. மை உலர்ந்தபின் வண்ணம் தீட்டி, அலங்காரத் தாளின்மேல் ஒட்டவும். நீர் மிகுந்த பசை தாளைச் சுருக்கும் என்பதால் இருபக்கப் பசைநாடா நன்று.
5. கருநிற அட்டையாயின், எழுதுவதற்காக உட்புறத்தில் வெள்ளைத் தாள் ஒட்டவும்.

மணி, பொத்தான் போன்ற புடைத்த பொருட்கள் அஞ்சல் பிரிப்பு இயந்திரங்களில் சிக்கக்கூடும். இவ்வகை உறைகளுக்கும் சதுர உறைகளுக்கும் அமெரிக்காவில் கூடுதல் கட்டணம் உண்டு.

சொந்த முத்திரைகள்

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஈரம் துடைத்து, உருவத்தைச் சுற்றியுள்ள பகுதியைச் செதுக்கி நீக்கினால் எளிய முத்திரை கிடைக்கும். குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் பூப்போன்ற வடிவைப் பதிக்கும். நீடித்து உழைக்க அழிப்பானில் செதுக்கலாம். எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். செதுக்கும்போது நேரும் எழுத்துப்பிழை ஒவ்வோர் அட்டையிலும் தொடரும் என்பதால், முதலில் கண்ணாடியில் காட்டிப் படித்துப் பார்ப்பது நலம்.

பதிப்புரிமை

கடையில் வாங்கும் முத்திரையின் உருவத்துக்குப் பதிப்புரிமை இருக்கலாம். முத்திரையை வாங்குவதால் அவ்வுரிமை வாங்குபவருக்கு வந்துவிடுவதில்லை. எனினும், கையால் பதித்த அட்டைகளை விற்கச் சில அமெரிக்க முத்திரை நிறுவனங்கள் இசைவளிக்கின்றன. பதித்த உருவத்தை வருடியிலோ நகலியிலோ பெருக்கி விற்பதை அவை ஏற்பதில்லை. ஒவ்வொரு பதிப்பும் ஒருவர் கையால் நிகழ வேண்டும் என்பதே இவ்விசைவின் எல்லையாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைகளை அஞ்சலில் அனுப்பும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. கடைகளில் வாங்கிய அட்டைகளோடு, மாணவர்கள் தாமே வரைந்தும் ஒட்டியும் செய்த அட்டைகளும் நண்பர்களுக்கு அனுப்பப்பட்டன. கைப்பேசிக் குறுஞ்செய்தி பரவியபின் இவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. பள்ளிகளில் காய்கறி முத்திரை பதித்தல் கைவேலைப் பயிற்சியாகத் தொடர்கிறது.