தாராவி டிஜிட்டல் சர்வே: உங்க வீட்டு டேட்டா சரியா இருக்கா?

நீங்க செம்பூரிலோ மாட்டுங்காவிலோ குடியிருக்கலாம். அப்பா, அம்மா இன்னும் தாராவியில்தான் என்றால், இதைப் படிச்சிடுங்க.

என்ன நடக்கிறது?
தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. ட்ரோன், லேசர் கருவிகளால் சந்துகளை அளந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்டு, ஆவணங்களை டிஜிட்டலாகப் பதிந்தார்கள். திட்ட நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80%, மகாராஷ்டிர அரசுக்கு 20% பங்கு.

ஒரு தேதி தப்பானால்?
1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. 2000-க்குப் பிறகு, 2011-க்குள் வந்தவர்களுக்கு ₹2.5 லட்சம் செலவில், தாராவிக்கு வெளியே. அதாவது, பதிவில் ஆண்டு மாறினால் ஊரே மாறிடும்.

சட்டம் காப்பாத்துமா?
அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு கொடுத்த தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையை 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. ஆனா, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம்.

இப்போ என்ன செய்யலாம்?
- சர்வே எண்ணை போட்டோ எடுத்து வைங்க. கொடுத்த ஆவணங்களின் நகல் கையில் இருக்கட்டும்.
- தகுதிப் பட்டியலான அனெக்சர்-2-இன் வரைவு வந்ததும் பெயர், தளம், ஆண்டு மூன்றையும் சரிபாருங்க.
- தப்பிருந்தா கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, பெற்றதற்கான முத்திரை வாங்குங்க.
- சர்வே பெயரைச் சொல்லி யாராவது போனில் ஓடிபி கேட்டால், சொல்லவே வேண்டாம்னு வீட்டில் சொல்லி வைங்க.