ஓய்விலிருந்து இயக்கத்திற்கு: ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையும் ஊனமுற்றோர் உடற்பயிற்சியும்

முள்ளந்தண்டு முறிந்து முண்ணாண் சிதைந்த ஒருவருக்கு, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், மருத்துவம் பெரும்பாலும் விதித்தது ஓய்வு ஒன்றேயாகும். அவ்வோய்வே அவரைக் கொன்றது. உணர்ச்சியற்ற உடல் அசைவின்றிக் கிடந்தமையாற் படுக்கைப் புண்கள் தோன்றிச் சீழ்பிடித்தன. சிறுநீர்ப்பையிற் பற்றிய தொற்று சிறுநீரகங்களை அழித்தது. முதலாம் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரரிற் பெரும்பாலோர் குறுகிய காலத்துள் மாண்டனர். அவர்கள் முறிவினால் அன்றிக் கிடையினால் இறந்தனர் எனக் கூறுவதே பொருந்தும். ஆகவே, ஊனமுற்றோர் உடற்பயிற்சியின் வரலாற்றை நோயாளியின் கட்டிலிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

லுட்விக் குட்மன் 1899 இல், அக்காலத்தில் ஜேர்மனிக்கு உரியதாயிருந்த மேற் சிலேசியாவில், ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1917 இல் வைத்தியசாலை ஒன்றில் ஊழியராகத் தொண்டாற்றியபோது, முள்ளந்தண்டு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டார். கட்டுமஸ்தான அந்த இளைஞர் சில வாரங்களில் இறந்துவிடுவார் என மூத்த வைத்தியர்கள் கூறினர்; அவ்வாறே இறந்தார். பின்னர் பிறெஸ்லவ் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்ற குட்மன், 1933 இல் நாசி ஆட்சியினாற் பதவி இழந்து, 1939 இல் இங்கிலாந்திற் புகலிடம் பெற்றார். நேசநாட்டுப் படைகள் ஐரோப்பாவில் இறங்கும்போது காயமுறுவோரை எதிர்பார்த்துப் பிரித்தானிய அரசு, எயில்ஸ்பெரி நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் சிகிச்சைப் பிரிவொன்றை அமைத்து, 1944 பெப்ரவரியில் அதனை அவர் பொறுப்பில் விட்டது.

இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்பது அவர் விதி. அது நடைபெறுகின்றதா என இரவில் அவரே வந்து பார்ப்பதுண்டு. எனினும், இத்துறையில் அவர் ஒருவரே முன்னோடி எனல் மிகை. 1930களிலேயே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டொனால்ட் மன்றோ இத்தகைய நோயாளரைக் காக்கும் முறைகளை வகுத்திருந்தார். குட்மனின் தனித்துவம், உயிர் தப்பியவருக்கு அடுத்து என்ன என்று வினவியமையிலேயே உள்ளது. மரவேலை, மணிக்கூடு திருத்தல், தட்டச்சு முதலியன வைத்தியசாலையினுள்ளேயே பயிற்றப்பட்டன. உடற்பயிற்சியும் அவ்வாறே சிகிச்சையின் உறுப்பாயிற்று.

அதற்கு உடலமைப்புச் சார்ந்த காரணமும் இருந்தது. முதுகின் அகன்ற தசை கீழே இடுப்பென்புடன் பிணைந்துள்ளது. ஆயின் அதனை இயக்கும் நரம்புகளோ கழுத்துப் பகுதியிலிருந்து வருகின்றன. எனவே, மார்பு மட்டத்தில் முண்ணாண் அறுந்தவரிடத்தும் அத்தசை செயலிழப்பதில்லை. உணர்ச்சியுள்ள மேலுடலுக்கும் உணர்ச்சியற்ற கீழுடலுக்கும் இடையே அது பாலமாகின்றது. அதனை வலுப்படுத்தினால், நிமிர்ந்து அமரவும் சமநிலை பேணவும் இயலும். வில்லை இழுத்து நாணேற்றும் செயல் இதற்கு மிகவும் ஏற்றதாயிருந்தது. வில்வித்தை ஸ்ரோக் மண்டவிலில் முதலிடம் பெற்றது தற்செயலன்று. அன்றியும், இருந்து எய்பவரும் நின்று எய்பவரும் ஒரே இலக்கின் முன் ஒப்பப் போட்டியிடத்தக்க விளையாட்டு அது.

சக்கர நாற்காலியிலிருந்து ஊன்றுகோலாற் பந்தடிக்கும் போலோவும் அங்கு ஆடப்பட்டது. முரட்டு ஆட்டமென அது பின்னர் கைவிடப்பட, வலைப்பந்தும் கூடைப்பந்தும் அதன் இடத்தைப் பிடித்தன. 1948 யூலை 29 ஆந் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், வைத்தியசாலைப் புல்வெளியில் 16 பேர் வில்லெய்தனர். அவருள் இருவர் பெண்கள். 1952 இல் ஒல்லாந்தர் வந்து சேர்ந்ததும் அது சர்வதேசப் போட்டியாயிற்று. 1960 இல் உரோம் நகரில் நடைபெற்ற போட்டியே முதலாவது பராலிம்பிக் எனப் பிற்காலத்தில் ஏற்கப்பட்டது. அதில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்குபற்றினர். ஆனால் அவர்களுக்கு ஒதுக்கிய விடுதிகளுக்குப் படிக்கட்டுகளில் ஏறியே செல்லவேண்டியிருந்தது. இத்தாலிய இராணுவத்தினர் அவர்களைத் தூக்கிச் சென்றனர். அரங்கிற் பதக்கம் வென்றவர் தம் அறைக்குத் தாமாகச் செல்ல இயலாதிருந்தார்.

இவ்வியக்கம் வைத்தியசாலையிற் பிறந்தமை அதன் பலமும் குறையுமாகும். யார் எதனை ஆடலாம், எவ்வளவு ஆடலாம் என்பதை நெடுங்காலம் வைத்தியரே தீர்மானித்தனர். குட்மனின் அன்பிற் கண்டிப்பான தந்தையின் அதிகாரம் கலந்திருந்தது. முண்ணாண் காயமுற்றோரைத் தவிர ஏனையோருக்கு அவ்வரங்கு மெதுவாகவே திறந்தது. கை, கால் இழந்தோரும் பார்வையற்றோரும் 1976 இல் ரொறன்ரோவிலும், மூளைவாதமுற்றோர் 1980 இல் ஆர்ணெமிலும் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு ஒலிம்பிக் மொஸ்கோவில் நடைபெற்றபோதும், ஊனமுற்றோர் போட்டியை நடத்தச் சோவியத் ஒன்றியம் முன்வராமையினாலேயே அது ஒல்லாந்துக்குச் சென்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், மார்ச்சில், குட்மன் காலமானார்.

இரண்டாண்டுகளின் பின், 1982 இல், பிறிஸ்பேனில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுக்களில், மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பின் கீழ் இயக்கமிழந்த நியூசிலாந்துப் பெண் நெரோலி பெயர்ஹோல், நின்று எய்த வீராங்கனைகளை வென்று வில்வித்தையிற் தங்கப் பதக்கம் பெற்றார். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் அவர் தமது நாற்காலியிலிருந்தே வில்லெய்தார்.